கோடு போடாத பக்கம்

— படிங்க சார். சத்தமாவே படிங்க.

— இப்ப எதுக்கும்மா? அரை மணி நேரத்துல கூட்டம் ஆரம்பிக்கணும். மைக் கொர்ருங்குது, நாற்காலி பத்தல, தலைமை தாங்கறவரு கிளம்பிட்டேன்னு போன் பண்ணிட்டாரு...

— நாற்காலி கிடக்கட்டும். மேடைக்குப் பின்னாடி சுவரு முழுக்க பேனர் கட்டியிருக்கீங்களே, அதுல இருக்கிற கவிதை. புத்தகத்துல நூத்தி முப்பத்தஞ்சாம் பக்கம். இந்தாங்க, பிரிச்சே குடுக்கறேன்.

— பொறுமை, பொறுமை. ம்... 'அம்மா கண்ணாடி கேட்டாள். கிடைக்கவில்லை. என்னுடையதைத் துடைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வாசலையே பார்த்தாள். யார் தெரிந்தார்களோ, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா என்றாள்.' அடடா. எத்தனை தடவை படிச்சாலும் அடடாதான். ஏம்மா, எழுத்துப்பிழை ஏதாவது விழுந்திருக்கா?

— பேனர்ல கீழ என்ன போட்டிருக்கு?

— இன்னிக்கு வந்திருக்கற வெளிநாட்டுக் கவிஞர், அவர் பேருதான்.

— அவர் பேரு. சாய்வெழுத்துல, பூ மாதிரி ஒரு வளைவோட. சார், இது அவர் எழுதினது இல்ல.

— பின்ன?

— நான் எழுதினது.

— நீங்கதாம்மா. நான் எங்க இல்லேன்னேன்? மொழிபெயர்ப்புன்னாலே இன்னொரு தடவை எழுதறதுதானே. போன கூட்டத்துல மேடையிலயே சொன்னேனே, கவிஞரே, நீங்க வெறும் பாலம் இல்ல, நீங்களே ஒரு...

— அந்த மேடைப்பேச்சை மடிச்சு சட்டைப்பையில வைங்க. இதுக்கு அசல் கிடையாது. அவர் மொழியில இப்படி ஒரு கவிதையே இல்ல. இது எங்கம்மா சார். ஆஸ்பத்திரி, நாலாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். அந்தக் கண்ணாடி என் கண்ணாடி.

— ...விளையாடாதீங்க.

— விளையாடற மூஞ்சியா இது?

— இருங்க, இருங்க. உக்காருங்க முதல்ல. விஷயம் என்னன்னா, உங்க கவிதை அவர் புத்தகத்துக்குள்ள எப்படிம்மா வரும்? நடந்து வருமா?

— தாள்ல வந்திருக்கு. நான் மொழிபெயர்ப்பை எதுல எழுதுவேன்னு உங்களுக்குத் தெரியுமா? இருபத்திரண்டு வருஷமா என் தாள்கட்டை வாங்கி உள்ள டைப் அடிக்கக் கொடுக்கறீங்க, ஒரு நாளாவது புரட்டிப் பாத்திருக்கீங்களா?

— வெள்ளைத் தாள்ல.

— ஒரு பக்கம் எழுதின தாளோட பின்பக்கத்துல. எனக்குப் புதுத் தாள் எடுத்தா கை ஓடாது. பழைய பக்கத்துல குறுக்க ஒரு சிவப்புக் கோடு போட்டுட்டு, திருப்பி எழுதுவேன். கோடு போட்ட பக்கத்தை அடிக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. டைப் அக்காவுக்கும் அது தெரியும்.

— சரி.

— இந்தப் புத்தகத்துக்கு எந்தத் தாளோட பின்பக்கம் தெரியுமா? என் தொகுப்போடது. உங்ககிட்ட ஒன்பது வருஷமா கிடக்கே, அம்பத்திரண்டு கவிதை, நீலக் கட்டு. அதோட கைநகல் என்கிட்ட இருந்துச்சு. நீங்க போடற மாதிரி தெரியல. சும்மா ஏன் கிடக்கணும்னு, அதைத் திருப்பிப் போட்டுத்தான் ஆறு வருஷமா இந்த மனுஷனை மொழிபெயர்த்தேன். இந்த ஒரு தாள்ல மட்டும் கோடு போட மறந்திருக்கேன். அக்கா ரெண்டு பக்கத்தையும் அடிச்சிருக்காங்க.

— அப்ப தப்பு உங்க மேல!

— ஆமா. அதுக்கு என்னை நானே அறைஞ்சுக்கறேன். அப்புறம் உங்க கதைக்கு வருவோம்.

— என் கதை என்ன இதுல? மொத்தக் கவிதை எத்தனைன்னு நீங்கதானே எண்ணியிருக்கணும்?

— எப்படி எண்ணறது? அவர் தலைப்பும் வைக்க மாட்டாரு, நம்பரும் போட மாட்டாரு. ஒண்ணு முடிஞ்சா ஒரு நட்சத்திரம், அடுத்தது. மூணு புத்தகத்துலேர்ந்து பொறுக்கி எடுத்தது, பாதியில வேணாம்னு விட்டது, திரும்பச் சேத்தது. எண்ணிக்கையை விடுங்க. எட்டு ஃபாரத்துக்கும் நான் புரூஃப் பாத்தேன், பதினாறு பதினாறு பக்கமா. ஒன்பதாவது, கடைசி ஃபாரம், அதை ஏன் எனக்குக் காட்டல?

— நேரம் எங்க இருந்துச்சு? அவருக்கு விசா கிடைச்சிடுச்சு, தேதி குறிச்சாச்சு, அச்சகத்துக்காரன் கழுத்துல உக்காந்துட்டான். நான் பாத்துக்கறேன், நீங்க பேச்சு தயார் பண்ணுங்கன்னு சொன்னேன். நீங்களும் சரின்னீங்க.

— சரின்னேன். உங்களை நம்பி. எத்தனை தடவை பாத்தீங்க?

— மூணு தடவை! ராத்திரி பகலா உக்காந்து மூணு தடவை பாத்தேன். சும்மா சொல்லக் கூடாது, இந்தப் பக்கம் வந்தா மூணு தடவையும் கண்ணு கலங்கிடுச்சு. எங்கம்மா ஞாபகம்.

— அன்னிக்கு எனக்குப் போன் பண்ணி என்ன சொன்னீங்க?

— என்ன சொன்னேன்?

— 'என்னமா எழுதறான்யா மனுஷன்! ஒம்பதாவது ஃபாரத்துல ஒண்ணு வெச்சிருக்கான் பாருங்க, ஆளை அடிச்சுப் போட்டுடுது'ன்னீங்க. நானும் அவர் அசல்ல இருக்கிற எதையோ சொல்றீங்கன்னு நினைச்சு, ஆமா சார், பெரிய ஆளுன்னேன். ரெண்டு பேரும் சேந்து அரை மணி நேரம் அவரைப் புகழ்ந்தோம்.

— அது வந்து...

— இப்ப நிதானமா கேக்கறேன். அந்த நீலக் கட்டுல இது மூணாவது கவிதை. முதல் பக்கத்தைத் திருப்பினா ரெண்டாவது, அதைத் திருப்பினா இது. ஒன்பது வருஷத்துல என் தொகுப்பை எத்தனை தடவை படிச்சதா சொல்லியிருக்கீங்க?

— படிச்சேன்மா. படிக்காமயா?

— எத்தனை தடவை?

— ரெண்டு தடவை. முழுசா. லெட்டர் கூட போட்டேனே.

— 'மிகுந்த அன்போடு இருமுறை வாசித்தேன். இதற்கான காலம் இன்னும் கனியவில்லை.' அந்த லெட்டரை பீரோவுல வெச்சிருக்கேன். முதல் கவிதை எதைப் பத்தி?

— இதென்ன பரீட்சையா?

— ஆமா. எதைப் பத்தி?

— ஒன்பது வருஷம் ஆச்சும்மா, வரி வரியாவா ஞாபகம் இருக்கும்? ஒரு மழை வரும்... நனையற மாதிரி...

— மழை! எவன் தொகுப்பை எடுத்தாலும் உள்ள எங்கயாவது ஒரு மழை பெய்யும்ங்கிற தைரியம். என்னுதுல இல்ல சார். அம்பத்திரண்டு கவிதையில ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது.

— கத்தாதீங்க. பக்கத்து அறையில அவர் இருக்காரு. வெந்நீர் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

— அவருக்கு நம்ம மொழி தெரியாது.

— கத்தறதுக்கு எல்லா மொழியிலயும் ஒரே அர்த்தம்தான்மா.

— வரலாமாங்க ஐயா? கதவு சாத்தியிருக்கேன்னு பாத்தேன். அம்மா கேட்ட தாளுக்கட்டு கொண்டாந்திருக்கேன். ஆபீஸ் பூட்டு மக்கர் பண்ணிடுச்சு, அதான் லேட்டு.

— வாங்கக்கா. நான்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன் சார், இந்தப் புத்தகத்தோட கைப்பிரதி. அக்கா, நூத்தி முப்பத்தஞ்சாம் பக்கம் எந்தத் தாள்லேர்ந்து அடிச்சதுன்னு பாத்தீங்களா?

— பாத்தேம்மா. இதோ. இந்தப் பக்கம் அந்த வெளிநாட்டு ஐயாவோடது, ரயில் நிலையக் கவிதை. திருப்பினா உங்க அம்மா கவிதை. கோடு இல்ல. கோடு இல்லாட்டி நான் அடிச்சிடுவேன். நான் எழுத்தைப் பாக்கறவ, எழுதினது யாருன்னு பாக்கறவ இல்ல. முப்பது வருஷமா அப்படித்தான்.

— உங்களை ஒண்ணும் சொல்லலக்கா. தப்பு என்னுது. சார்கிட்ட வேற விஷயம் பேசிட்டிருக்கேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு நீலக் கட்டு குடுத்தேன்? என் சொந்தக் கவிதை, நூல் போட்டுக் கட்டினது.

— நீலக் கட்டா? நல்லா ஞாபகம் இருக்கே. தினம் பாக்கறேனே.

— தினமா?

— அக்கா, வெளியில புத்தக மேசையில யாரும் இல்ல, நீங்க போயி...

— அக்கா எங்கயும் போக வேணாம். எங்க பாக்கறீங்க?

— என் கம்ப்யூட்டர் மானிட்டருக்கு அடியிலம்மா. எனக்குக் கழுத்து வலின்னு சொன்னேன், ஒசரம் பத்தலன்னு. ஐயாதான் அதைக் குடுத்தாரு. ரொம்ப சரியான ஒசரம். அதுலேர்ந்து கழுத்து வலியே இல்ல.

— மானிட்டருக்கு அடியில.

— நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?

— இல்லக்கா. ரொம்ப சரியா சொன்னீங்க. சார், ரொம்ப நன்றி. என் கவிதையால உலகத்துல ஒரு ஆளுக்காவது வலி தீந்திருக்கு.

— கவிஞரே...

— கூப்பிடாதீங்க அப்படி! இருபத்திரண்டு வருஷமா அந்த வார்த்தையை மிட்டாய் மாதிரி நீட்டறீங்க. நூல் பிரிச்சீங்களா? அதையாவது சொல்லுங்க. கட்டின நூலையாவது பிரிச்சீங்களா?

— இல்ல.

— இல்ல.

— பிரிக்கல. போதுமா? பிரிக்கல, படிக்கல. பயமா இருந்துச்சு.

— என்ன பயம்? உள்ள பாம்பா இருந்துச்சு?

— நல்லாயில்லேன்னா அதை உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லணும். எனக்கு வராது அது. நல்லாயிருந்தா? அதுதான்மா பெரிய பயம். நல்லாயிருந்தா நீங்க மொழிபெயர்ப்பை விட்டுடுவீங்க. அப்புறம் பதிப்பகம்னு எதை நடத்தறது நான்? ரெண்டு அறை, மூணு பேரு. பதினாலு புத்தகத்துக்கும் அட்டையை நானே மடிச்சிருக்கேன். அதுல பதினொண்ணு உங்க மொழிபெயர்ப்பு. நீங்க போயிட்டா அது வெறும் பேர்ப்பலகை. படிக்காம வெச்சிருந்தா நீங்க இங்கயே இருப்பீங்கன்னு...

— கட்டி வெச்ச மாடு மாதிரி.

— அப்படிச் சொல்லாதீங்க.

— வேற எப்படிச் சொல்ல? நீங்க ஒரு வார்த்தை 'பிடிக்கல'ன்னு சொல்லியிருந்தா நான் அழுதுட்டு வேற இடத்துல குடுத்திருப்பேன். 'காலம் கனியல'ன்னீங்க. ஒவ்வொரு வருஷமும் நான் உக்காந்து காலம் கனியுதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். அது அங்க கம்ப்யூட்டருக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கு.

— மன்னிச்சிடுங்க.

— முடியாது.

— சரி, மன்னிக்க வேணாம். ஆனா இப்ப, இந்த அரை மணி நேரத்துக்கு, என்ன பண்றது? அதைச் சொல்லுங்க. காலைப் பேப்பர் பாத்தீங்கல்ல?

— பாத்தேன்.

— அரைப் பக்கம்மா! நம்ம பதிப்பகத்துக்கு அரைப் பக்கம் எப்ப வந்திருக்கு? இன்னிக்குத் தலைமை தாங்கற தலைவரே எழுதியிருக்காரு, அச்சாகறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிப் படிச்சு.

— அந்த அரைப் பக்கத்துல பாதி இந்தக் கவிதையைப் பத்தித்தான். அம்மாங்கறது அவர் இழந்த தேசமாம். கண்ணாடி சரித்திரமாம். வாசல் மரணமாம். சார், கண்ணாடின்னா கண்ணாடி. மைனஸ் மூணு. கம்பி உடைஞ்சு பிளாஸ்டர் சுத்தினது. வாசல்ல எங்கம்மா பாத்தது எங்க அண்ணனை. அவன் வந்துட்டான்னு நினைச்சுக்கிட்டா. அவன் கடைசி வரைக்கும் வரவே இல்ல. அங்க நின்னது ஊசி போட வந்த நர்ஸு.

— ...எனக்குத் தெரியாதும்மா.

— தெரியாது. படிச்சிருந்தா கேட்டிருப்பீங்க. கடைசியில தலைவர் என்ன எழுதியிருக்காரு பாத்தீங்களா? 'இப்படியொரு எளிமை நம் மொழிக் கவிஞர்களுக்கு ஒருபோதும் வாய்க்காது.' இதே ஆளுதான் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நான் வேற இடத்துல போட்ட முதல் புத்தகத்தை 'ஒரு குடும்பப் பெண்ணின் டைரிக் குறிப்பு'ன்னு ரெண்டே வரியில முடிச்சு விட்டவரு. அன்னிக்கு டைரி, இன்னிக்கு தேசம். நடுவுல என்ன மாறிச்சு? கீழ இருக்கிற பேரு.

— நியாயம். எல்லாம் நியாயம். ஆனா தலைவருதான் கேட்டிருக்காரு, இன்னிக்கு நிகழ்ச்சியை இந்தக் கவிதையோட முடிக்கணும்னு. வெளிநாட்டுக் கவிஞர் அசல்ல வாசிக்கணும், நீங்க நம்ம மொழியில. அழைப்பிதழ்லயும் 'நிறைவுக் கவிதை'ன்னு போட்டாச்சு.

— இல்லாத அசலை அவர் எப்படி வாசிப்பாரு?

— அதைத்தான் யோசிக்கறேன். விஷயம் என்னன்னா... கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— அந்த அரங்கத்துல அவர் மொழி தெரிஞ்சவங்க யாரு? நீங்க ஒருத்தர். அவரை அஞ்சு வரி வர்ற மாதிரி ஏதோ ஒரு கவிதை வாசிக்கச் சொல்லிட்டா... அடுத்து நீங்க இதை வாசிச்சிட்டா... கைதட்டல் வந்துடும், டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க. அடுத்த பதிப்புல எடுத்துடலாம். சத்தியமா. உங்க தொகுப்பையும் போட்டுடலாம், அடுத்த மாசமே.

— மானிட்டருக்கு என்ன பண்ணுவீங்க?

— அம்மா...

— என் அம்மா செத்ததை நானே எழுதி, அதை நானே இன்னொருத்தர் பேர்ல திருடிக் குடுத்து, அதை நானே மேடையில நின்னு அவருக்கு மொழிபெயர்த்து வாசிக்கணும். இதை உங்களால கூச்சமில்லாம சொல்ல முடிஞ்சுது பாருங்க. மேடையில எனக்கு எங்க இடம்னு தெரியுமா உங்களுக்கு? ஓரத்துல. ரெண்டாவது மைக். ஒருநாளும் அது என் உயரத்துக்கு இருந்ததில்ல, நான்தான் குனிவேன். நாலு பேருக்குப் பேர் அட்டை வெப்பீங்க, எனக்கு வெக்க மாட்டீங்க. இன்னிக்கும் வெக்கல, இப்பத்தான் பாத்தேன். அவர் வாசிச்சதும் ஜனங்க அவரைப் பாக்கும். நான் வாசிக்கும்போதும் அவரைத்தான் பாக்கும். புரிஞ்சது என் சொல்லு, தட்டறது அவருக்கு. அதுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. ஏன்னா அது அவர் கவிதை. அது நியாயம். இது நியாயம் இல்ல.

— சரிம்மா, அப்ப நியாயமா ஒண்ணு கேக்கறேன். நீங்க மேடையேறி 'இது என்னுது'ன்னு சொல்றீங்க. அடுத்த நிமிஷம் தலைவர் எழுந்து என்ன கேப்பாரு? 'அப்ப மத்ததெல்லாம்?' இந்தப் புத்தகம் மட்டும் இல்ல, பதினொரு புத்தகம். 'எது அவங்களோடது, எது இவங்க சொந்தச் சரக்கு?'ன்னு கேக்க ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. இந்தப் பதிப்பகம் போகட்டும். உங்க பேரு?

— கேக்கட்டும். பதில் இருக்கு.

— என்ன பதில்?

— மத்த ஒவ்வொரு சொல்லும் அவரோடது. ஒரு கமா சந்தேகம்னாலும் அவருக்குக் கடுதாசி போட்டு, பதில் வர்ற வரைக்கும் அடுத்த வரிக்குப் போனவ இல்ல நான். ஒரு தடவை ஒரே ஒரு வார்த்தைக்காக நாலு மாசம் காத்திருந்தேன். அழகா இருக்கேன்னு நானா ஒரு எழுத்து சேத்தது கிடையாது. சொந்தமா எனக்கு இருக்கிறது அந்த ஒரு கௌரவம்தான் சார். அதை வெச்சுத்தான் நான் தலை நிமிந்து நடக்கறேன்.

— அம்மா, ஒரு நிமிஷம்...

— இருங்கக்கா. சார் முதல்ல முடிவு சொல்லட்டும்.

— அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? எண்பது வயசு, இவ்வளவு தூரம் பிளேன்ல வந்திருக்காரு...

— தெரியும். சொல்லிட்டேன்.

— சொல்லிட்டீங்களா! எப்ப?

— வந்ததுமே. அந்த பேனரைக் காட்டி, 'இதுல என் எந்தக் கவிதை இருக்கு'ன்னு ஆசையா கேட்டாரு. பொய் சொல்லணுமா? வரி வரியா அவர் மொழியில சொன்னேன். 'இது என்னுது இல்லையே'ன்னாரு. என்னுதுன்னேன்.

— கடவுளே. கோபப்பட்டாரா?

— கோபமா? கைத்தடியை எடுத்து மேசை மேல ஒரு போடு போட்டாரு. இப்ப கூட வெந்நீர் ஒண்ணும் குடிக்கல, பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. 'அம்பது வருஷமா எழுதறேன், நான் எழுதாத ஒரு வரிக்குக் கீழ என் பேரு நின்னதில்ல'ன்னாரு. நான் நின்னு கேட்டுக்கிட்டேன். தாள் விஷயம், கோடு விஷயம் எல்லாத்தையும் சொன்னேன். அதுக்கப்புறம், 'இது ஒண்ணுதானா?'ன்னு கேட்டாரு. ஒண்ணுதான்னேன். மறுபடியும் கேட்டாரு. மூணு தடவை கேட்டாரு. என் அம்மா மேல ஆணையா ஒண்ணே ஒண்ணுதான்னு சொன்னேன்.

— அதுக்கு?

— 'அப்படின்னா இது கைதவறல். முதல் மைக்கை நீ எடுத்துக்க. நானே எழுந்து நின்னு, இந்தக் கவிதை இவங்களோடதுன்னு சொல்றேன். நீ உன் பேர்ல வாசி. நான் கீழ உக்காந்து கேக்கறேன்'னாரு. 'ஒண்ணுக்கு மேல இருந்தா, இந்தப் புத்தகத்துல ஒரு பிரதி கூட இந்தக் கதவைத் தாண்டக் கூடாது, நீயும் இனிமே என் எழுத்தைத் தொடக் கூடாது'ன்னும் சொன்னாரு. சொல்றதுக்கு அவருக்கு உரிமை இருக்கு.

— முதல் மைக்...

— ஆமா. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை. என் உயரத்துக்கு இறக்கி வெக்கச் சொல்லுங்க.

— ...சொல்றேன். நானே போயி இறக்கறேன். அப்புறம், அவர் எழுந்து சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன்மா. தப்பு நடந்தது எங்க பதிப்பகத்துல, மூணு தடவை புரூஃப் பாத்தவனுக்கு உங்க எழுத்து தெரியல, ஏன்னா ஒன்பது வருஷமா அவன் அதைப் படிக்கலன்னு. அவ்வளவு பேர் முன்னாடியும் சொல்லிடறேன். தலைவர் என்ன வேணா எழுதிக்கட்டும்.

— சொல்வீங்களா?

— நாக்கு கொழறும். சொல்லிடுவேன்.

— சொல்லுங்க. அப்புறம் அந்த நூலைப் பிரிச்சு, மழை இருக்கான்னு தேடிப் பாருங்க.

— அம்மா, தயவு பண்ணி ஒரு நிமிஷம். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருக்கச்சே நான் இந்தக் கட்டை முழுசா புரட்டிப் பாத்துட்டேன், ஒவ்வொரு தாளா.

— இப்ப வேணாம்க்கா, வெளியில கூட்டம் சேந்துடுச்சு, சத்தம் கேக்குது. நான் முகம் கழுவிக்கிட்டு வந்துடறேன். சார், இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. உங்களைத் திட்டினேன், வாபஸ் வாங்க மாட்டேன். எழுதினவளுக்குத் தன் எழுத்து தெரியணும், போடறவனுக்கும் தெரியணும். உங்களுக்குத் தெரியல. என்னை ஆயிரம் கவிதைக்கு நடுவுல விடுங்க, கண்ணைக் கட்டி விடுங்க, ஒரு வரி காதுல விழுந்தா போதும், என்னுதுன்னா சொல்லிடுவேன்.

— ஒண்ணு இல்லம்மா, நாலு. மத்த மூணும் ரெண்டாவது ஃபாரத்துலயும் அஞ்சாவது ஃபாரத்துலயும் இருக்கு, நீங்களே புரூஃப் பாத்து 'பிழை இல்லை'ன்னு எழுதி கையெழுத்து போட்டது.